தரைக்கு ஆத்தங்குடிக் கல்லா, மோர்பி டைல்ஸா, ரெட் ஆக்சைடா?

டைல்ஸ் கடைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே முடிவு செய்துகொள்ள வேண்டியவை இரண்டு: தரையை யார் போடப் போகிறார்கள், போட்ட பிறகு தினமும் அதை யார் துடைக்கப் போகிறார்கள். சதுர அடி விலையை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஆத்தங்குடிக் கல் போட ஆசைப்பட்டு, அதைப் போடத் தெரியாத ஆளிடம் கொடுத்து, இரண்டு வருஷத்தில் "இந்தக் கல்லே சரியில்லை" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கல்லில் ஒரு குறையும் இருக்காது. அதனால் ஆத்தங்குடிக் கல், மோர்பியிலிருந்து வரும் விட்ரிஃபைடு டைல்ஸ், சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து போடுகிற ரெட் ஆக்சைடு ஆகிய மூன்று தரைகளையும் அவை எப்படித் தயாராகின்றன என்பதிலிருந்தே ஆரம்பித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் பின்னால் வரும் நல்லது கெட்டது எல்லாமே அங்கிருந்துதான் வருகிறது.

ஆத்தங்குடி, காரைக்குடிக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிற ஊர். பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்த நகரத்தார் தங்கள் ஊர்களில் பெரிய பெரிய வீடுகளைக் கட்டிய காலத்தில், இத்தாலிய மார்பிளும் பர்மாத் தேக்கும் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோதே, உள்ளூர் மண்ணையும் சிமெண்டையும் வைத்துச் செய்த இந்தப் பூக்கல்லும் அதே வீடுகளுக்குள் இடம் பிடித்தது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்தப் பணவரத்து உடைந்து, வீடு கட்டுவது நின்றுபோனது. ஆனால் கல் செய்கிற கை நிற்கவில்லை. இன்றைக்கும் அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் குடும்பம் குடும்பமாகச் சின்னச் சின்னக் கொட்டகைகளில்தான் வேலை நடக்கிறது.

அந்த வேலையை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் கல்லைப் பற்றிய பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். முதலில் ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் சதுரமான இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவம் பிரித்த உலோக அச்சு. சிமெண்டில் நிறப்பொடி கலந்து தண்ணீராகக் கரைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறமாக ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை அசங்காமல் தூக்கிவிட வேண்டும், இதில் கை நடுங்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுவார்கள், அது நிறக்கலவையில் இருக்கிற அதிகப்படித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதற்குமேல் ஈரக் கலவையை நிரப்பி, கரணையால் அழுத்தி மட்டம் செய்வார்கள். இவ்வளவும் நடக்கும்போது கல்லின் முகம் கீழே கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, செய்கிறவர் கண்ணில் படுவது முதுகுப் பக்கம் மட்டும். கொஞ்சம் இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டு எடுத்து உலர்த்தினால் கண்ணாடி தானாக விட்டுக்கொண்டு வரும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. சூளை கிடையாது, பாலிஷ் எந்திரம் கிடையாது, மேலே பூசிய கண்ணாடிப் பூச்சும் கிடையாது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நிறம் மேற்பரப்பில் அச்சடித்த படம் இல்லை, சில மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சிமெண்டோடு சேர்ந்தே இருக்கிறது. அதனால்தான் காலம் காலமாக நடந்து தேய்ந்த செட்டிநாட்டு வீடுகளிலும் பூ அழியாமல் இருக்கிறது. அதே சமயம், இதை எந்த எந்திரமும் அழுத்தவில்லை, நெருப்பும் இறுக்கவில்லை. அதனால் கல்லுக்குள் நுண்ணிய துளைகள் உண்டு, தண்ணீரும் எண்ணெயும் உள்ளே போகும். அழகும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பூவை வைத்துக்கொண்டு துளையை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

கை வேலை என்பதால் வானிலையும் சேர்ந்துகொள்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் கல் உலராது, வேலை மந்தமாகும். பெரிய அளவில் இருப்பு வைத்து விற்கிற வியாபாரமும் இது இல்லை. நீங்கள் டிசைனும் நிறமும் சொல்லி, முன்பணம் கொடுத்து, அதற்குப் பிறகு செய்வார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு அப்புறம் ஆத்தங்குடிக்குப் போனால் யாராலும் உதவ முடியாது. அவசரப்படுத்தினால் தொட்டியில் ஊற வேண்டிய நாள்தான் குறையும், அது கல்லின் ஆயுளில் போய்க் கழியும்.

மோர்பி இதற்கு நேர் எதிர்த்துருவம். குஜராத்தில் மச்சு ஆற்றங்கரையில் இருக்கிற அந்த ஊர் ஒரு காலத்தில் கூரை ஓட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் பேர்போனது. இன்றைக்கு இந்தியாவில் தயாராகும் டைல்ஸில் மிகப் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. சீனாவுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் டைல்ஸ் செய்கிற நாடு இந்தியா என்றால் அதற்குக் காரணமும் அந்த ஓர் ஊர்தான். களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்துப் பொடியாக்கி, பெரிய ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி, ஏறத்தாழ 1200 டிகிரி வெப்பத்தில் உருளைச் சூளைக்குள் ஓடவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் மண் உருகிக் கண்ணாடிபோல இறுகிவிடுவதால்தான் விட்ரிஃபைடு என்று பெயர். நீர் உறிஞ்சும் அளவு அதிகபட்சம் 0.5 சதவீதம். மஞ்சள்தூளோ சாம்பாரோ உள்ளே இறங்க வழியே இல்லை.

சூளை எரிவதற்கு எரிவாயு வேண்டும். முன்பு பல ஆலைகள் நிலக்கரியிலிருந்து வாயு எடுத்து எரித்தன. அதில் வந்த தார்க்கழிவாலும் காற்று மாசாலும் 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை மூடச் சொன்னது, ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. அதனால் உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறினால் மதுரையில் டைல்ஸ் விலையும் அசையும். ஆத்தங்குடிக் கல்லின் விலையை அசைப்பது சிமெண்டும், மணலும், அதைவிட முக்கியமாகக் கூலியும். கொடுக்கிற காசு எங்கே போய்ச் சேர்கிறது என்பது எனக்கு முக்கியம். ஆத்தங்குடிக் கல்லில் அது பெரும்பாலும் கல் செய்கிற கைக்கே போகிறது. அந்தக் கல்லைப் பரிந்துரைக்க இது ஒன்றே போதும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது தராசு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரி, செலவு. கல்லின் விலையை மட்டும் பார்த்தால் ஆத்தங்குடி ஒன்றும் எட்டாத உயரத்தில் இல்லை, நடுத்தரமான விட்ரிஃபைடு விலைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நிறங்கள் கூடக் கூட, அச்சு சிக்கலாக ஆக ஆக விலை ஏறும். செலவு கூடுவது போடுவதில். 8 அங்குலக் கல் என்றால் 1000 சதுர அடிக்கு 2250 கல் வேண்டும். அதே இடத்துக்கு 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைடு 250 போதும். 2250 கல்லையும் ஒவ்வொன்றாக எடுத்து, பூ பூவோடு சேர்கிறதா என்று பார்த்து, ரசமட்டம் வைத்து, இடைவெளி தெரியாமல் நெருக்கிப் பதிக்க வேண்டும். கை வேலைக் கல் என்பதால் கனம் கல்லுக்குக் கல் ஒரு நூல் கூடக் குறைய இருக்கும், அதைக் கீழே இருக்கிற கலவைப் படுக்கையில்தான் சரிக்கட்ட முடியும். இதற்குப் பழகிய கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இருக்கிறார்கள். வெளியூரில் வீடு என்றால் அவர்களை வரவழைத்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து வேலை வாங்குவதே நல்லது. லாரி வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இந்தக் கல் கனமானது, வழியில் மூலை உடையவும் செய்யும். ஆகவே விலை கேட்கும்போது கல், வண்டி, இறக்குகூலி, போடுகிற கூலி, உடைசலுக்கான கூடுதல் கல் எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு என்ன ஆகிறது என்று கேட்டு, அதை விட்ரிஃபைடின் முழுச் செலவோடு ஒப்பிட வேண்டும். கல்லை மட்டும் கல்லோடு ஒப்பிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

பலர் யோசிக்காமல் விடுகிற விஷயம் உயரமும் பாரமும். ஆத்தங்குடிக் கல் முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை கனம், அதற்குக் கீழே ஒன்றரை அங்குலமாவது கலவை. மொத்தம் இரண்டே கால் அங்குலத்துக்குக் குறையாது. கணக்குப் போட்டால் சதுர அடிக்குப் பத்துப் பதினொரு கிலோ வரும். 9 மி.மீ. விட்ரிஃபைடை ஒட்டும் பசையில் பதித்தால் மொத்தமே அரை அங்குலம் சொச்சம், எடை இரண்டரை கிலோ. புது வீட்டில் இது பெரிய விஷயம் இல்லை, என்ஜினியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாசல்படி, கதவு, குளியலறைத் தாழ்வு எல்லாவற்றையும் அதற்கேற்ப வைத்துவிடுவார். ஆனால் ஏற்கெனவே குடியிருக்கிற வீட்டில், பழைய தரைக்கு மேலேயே புதுத் தரை போடுவதாக இருந்தால், எல்லாக் கதவையும் அறுக்க வேண்டியிருக்கும், மாடிப்படியின் முதல் படி குட்டையாகிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பாரத்தையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டு நிலைமையிலும் நான் யோசிக்காமல் விட்ரிஃபைடுதான் சொல்வேன்.

பழகிப் பார்க்கும்போது வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆத்தங்குடிக் கல்லுக்கு எதிரி புளிப்பு. எலுமிச்சைச் சாறு, புளித் தண்ணீர், தயிர் சிந்திக் கவனிக்காமல் விட்டால் அந்த இடம் மங்கிப்போகும். ஆசிட் கலந்த கழிவறைத் திரவத்தை ஊற்றித் துடைத்தால் ஒரே நாளில் பளபளப்பு போய்விடும், திரும்ப வராது. சிமெண்ட் காரம், ஆசிட் அதைத் தின்கிறது, அவ்வளவுதான் காரணம். வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும் மாமியாருக்கும் வாடகைக்கு வருகிறவருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியும் என்றால் மட்டும் இந்தக் கல்லைப் போடுங்கள். வாடகைக்கு விடும் வீட்டுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். மற்றபடி, வெறும் தண்ணீரில் துடைப்பதும், ஆரம்பத்தில் அவ்வப்போது தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவை துடைத்துவிடுவதும் போதும். நடக்க நடக்க மெருகு ஏறும் என்று சொல்வது விளம்பரம் இல்லை, உண்மை. பத்து வருஷத்துத் தரை புதுத் தரையைவிட அழகாக இருக்கும். விட்ரிஃபைடு போட்ட நாளில் இருக்கிற அழகுதான் அதன் உச்சம்.

முதல் சில மாதங்களில் ஆத்தங்குடித் தரையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். கலவையில் இருக்கிற ஈரம் மேலே ஏறி வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. பயப்படாமல் துடைத்துக்கொண்டே இருந்தால் போய்விடும். அது நிற்கவே இல்லை என்றால் தரைக்குக் கீழே மண்ணிலிருந்து ஈரம் வருகிறது என்று அர்த்தம், அதை அடித்தளம் போடும்போதே தடுத்திருக்க வேண்டும். ஈரம் ஏறுகிற இடத்தில், ஆற்றோரம், வயலோரம் கட்டுகிற வீட்டில், தரைத்தளத்துக்கு இந்தக் கல்லைப் போடுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

விட்ரிஃபைடுக்கும் ஒரு நோய் உண்டு, கடைக்காரர் சொல்ல மாட்டார். அது தண்ணீரை உறிஞ்சாது என்பதால் வெறும் சிமெண்ட் பாலை ஊற்றிப் பதித்தால் சரியாகப் பிடிக்காது. தட்டினால் உள்ளே வெற்றிடமாக டொக் டொக் என்று கேட்கும். அதோடு இடைவெளியே விடாமல் நெருக்கிப் பதித்திருந்தால், வெப்பம் மாறும்போது விரிய இடமில்லாமல் ஒரு நாள் நடு ஹாலில் டைல்ஸ் படீரென்று எழும்பி நிற்கும். டைல்ஸ் வெடித்துவிட்டது என்று பதறுவார்கள். பசை போட்டு, முதுகுப் பரப்பு முழுக்கப் பிடிக்கிற மாதிரி பதித்து, 2 மி.மீ. இடைவெளியாவது விட்டு, அதை அடைக்க நல்ல கிரவுட் கலவை நிரப்பினால் இந்தத் தொல்லை வராது. பசைக்கு ஆகிற காசை மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள்தான் பிறகு தரையையே பெயர்க்கிறார்கள். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் கண்ணாடிபோல மினுங்குகிற டைல்ஸ் வேண்டவே வேண்டாம், மேட் வாங்குங்கள். ஈரத்தில் ஆத்தங்குடிக் கல்லும் வழுக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். மழைக்கால ஈரக்காற்றில் மட்டும் இரண்டுக்கும் வித்தியாசம் காலில் தெரியும்: விட்ரிஃபைடு தரை பிசுபிசுவென்று இருக்கும், சிமெண்ட் தரை அந்த ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

ரெட் ஆக்சைடு தரையை விரும்பிக் கேட்கிறவர்கள் இப்போது திரும்பவும் கூடியிருக்கிறார்கள், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். பொருள் செலவு மூன்றிலும் குறைவு, சிமெண்டும் இரும்பு ஆக்சைடு பொடியும் மணலும்தான், எங்கேயும் கிடைக்கும். கல்லுக்குக் கல் இணைப்புக் கோடு இல்லாத, கூட்டித் துடைக்க மிக எளிதான தரை. ஆனால் அது முழுக்க முழுக்க ஒரு மனிதனின் கையில் இருக்கிறது. கலவை எந்த நேரத்தில் இறுக ஆரம்பிக்கிறது என்று பார்த்துக் காத்திருந்து, அந்த நேரத்தில் உட்கார்ந்து கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்ற வேண்டும், பாதியில் நிறுத்தினால் அந்த ஒட்டு கடைசி வரை தெரியும். பழைய தலைமுறைக் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலை. இன்று தெரியும் என்று சொல்கிற எல்லோருக்கும் தெரிவதில்லை. பெரிய ஹாலை ஒரே பரப்பாகப் போட்டால் விரிசல் விடும், கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட வேண்டும், ஒரு வாரமாவது தண்ணீர் கட்ட வேண்டும். விரிசல் வந்தால் ஒட்டுப்போட முடியாது, போட்ட ஒட்டின் நிறம் வேறாகத்தான் இருக்கும். ஆத்தங்குடிக் கல்லில் ஒரு கல் உடைந்தால் அந்தக் கல்லை மட்டும் எடுத்து மாற்றலாம், இது பெரிய வசதி. உங்கள் கொத்தனார் போட்ட ரெட் ஆக்சைடு தரை ஒன்றை, போட்டு ஐந்து வருஷம் ஆனதை, நேரில் போய்ப் பார்க்க முடிந்தால் தைரியமாகக் கொடுங்கள். காட்ட அவரிடம் ஒன்றும் இல்லையென்றால் வேண்டாம்.

இந்த மூன்றுக்கும் நடுவில் நான்காவதாக ஒன்று சந்தையில் ஓடுகிறது, அதைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். ஆத்தங்குடிப் பூவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இங்க்ஜெட் எந்திரத்தில் டைல்ஸ்மேல் அச்சடித்து, "ஆத்தங்குடி டைல்ஸ்" என்றே சொல்லி விற்கிறார்கள். அச்சடித்த டைல்ஸ் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை, சமையலறைச் சுவருக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அது ஆத்தங்குடி இல்லை, அந்தப் பெயரில் கொடுக்கிற காசில் ஒரு பைசாவும் அந்த ஊருக்குப் போவதில்லை. கண்டுபிடிப்பது சுலபம். கல்லைத் திருப்பிப் பாருங்கள், முதுகு சொரசொரப்பான சாம்பல் நிறச் சிமெண்டாக இருக்க வேண்டும். விளிம்பைப் பாருங்கள், நிறம் தனி அடுக்காக உள்ளே இறங்கியிருக்க வேண்டும். நாலைந்து கல்லை அடுத்தடுத்து வைத்தால் ஒன்றுக்கொன்று கோடு ஒரு மயிரிழை விலகியிருக்கும், நிறம் லேசாக மாறும். எல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருந்தால் அது எந்திர வேலை. 8 அங்குலக் கல் ஒன்று ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும், கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். இதைத் தவிர, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்திச் செய்கிற சிமெண்ட் பூக்கல்லும் உண்டு, மும்பை போன்ற ஊர்களில் நூறு வருஷமாகச் செய்கிறார்கள். அது கெட்டியாகவும் அளவு பிசகாமலும் இருக்கும், ஆனால் கண்ணாடி கொடுக்கிற அந்த மெருகு அதில் வராது.

என்னைக் கேட்டால் வீடு முழுக்க ஒரே தரை போட வேண்டும் என்கிற பிடிவாதத்தை முதலில் விடச் சொல்வேன். சொந்த வீடு, புதுக் கட்டடம், போடத் தெரிந்த கொத்தனார் கிடைக்கிறார் என்றால் ஹால், பூஜை அறை, மழை அடிக்காத திண்ணை இந்த மூன்றுக்கும் ஆத்தங்குடிக் கல். படுக்கையறைக்குப் பூவில்லாத ஒற்றை நிறக் கல்லும் நன்றாக இருக்கும், விலையும் குறையும். சமையலறைக்கு மேட் விட்ரிஃபைடு, குளியலறைக்கு வழுக்காத செராமிக், இவற்றில் வேறு யோசனையே வேண்டாம். வெயில் நேராக விழுகிற முற்றத்துக்கும் மொட்டை மாடிக்கும் பூக்கல் வேண்டாம், நிறம் வெளுக்கும். முற்றத்துக்குச் சொரசொரப்பான கிரானைட்டோ கடப்பாக் கல்லோ போடலாம், மாடிக்குச் சுட்ட மண் தட்டோடு இருக்கிறது. கையில் பணம் இறுக்கமாக இருந்து, ஆத்தங்குடியின் பூதான் மனதில் நிற்கிறது என்றால், ஹாலின் நடுவில் விரிப்பு போட்டதுபோல ஒரு பகுதிக்கு மட்டும் பூக்கல்லும் பார்டரும் வைத்து, சுற்றி ஒற்றை நிறக் கல்லைப் போடலாம்.

ஆர்டர் கொடுக்கும்போது அறையின் அளவைக் கல்லின் அளவோடு பொருத்திப் பாருங்கள். 12 அடிக்கு 16 அடி ஹால் என்றால் 8 அங்குலக் கல் ஒரு பக்கம் 18, மறுபக்கம் 24 என்று வெட்டாமல் உட்காரும்; 10 அங்குலக் கல் என்றால் ஓரத்தில் வெட்ட வேண்டிவரும், வெட்டிய பூ சுவரோரம் அசிங்கமாகத் தெரியும். பூச்சு முடிந்த பிறகு சுவருக்குச் சுவர் அளந்ததைத்தான் கொடுக்க வேண்டும், வரைபட அளவை அல்ல. நேரில் போய், தொட்டியில் எத்தனை நாள் ஊறப்போடுகிறார்கள் என்று பார்த்து, மாதிரிக்கு இரண்டு கல் வாங்கி வந்து வீட்டில் போட்டு எண்ணெயும் தண்ணீரும் சிந்திப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். நூற்றுக்கு ஐந்து கல் கூடுதலாக, அதே சமயத்தில், அதே கலவையில் செய்து வாங்கி வையுங்கள்; பத்து வருஷம் கழித்து ஒரு கல் உடைந்து திரும்பப் போனால் அச்சு இருக்கும், அந்த நிறம் கிடைக்காது. பெயிண்ட், வயரிங், தச்சு வேலை எல்லாம் முடிந்த பிறகே கல்லைப் பதிக்கச் சொல்லுங்கள், பதித்ததும் உமி போட்டுத் தேய்த்துத் துடைத்து, ஆட்கள் நடமாட்டம் இருந்தால் பழைய சாக்கை விரித்துவையுங்கள், பெயிண்ட் சொட்டு விழுந்தால் அது கல்லுக்குள் இறங்கிவிடும்.